ஆறு நட்சத்திரம் வாங்கிய பிராசியே அம்மா



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு சாதனைப் பெண்கள் என்று தமிழம்மா தலைப்பு கொடுத்தாங்க. எங்க வகுப்பில் நாலு பேர் மேரி கியூரி எழுதுறாங்க, மூணு பேர் கல்பனா சாவ்லா. நான் ஒரு சமையல்காரம்மாவைப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சோறு ஆக்கறதெல்லாம் ஒரு சாதனையா, அதை எங்க வீட்லயும்தான் பண்றாங்கன்னு ஒருத்தி கேட்டா. அவளுக்கு அப்போ பதில் சொல்லத் தெரியலை. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதியிருக்கேன். மதிய இடைவேளையில் நின்னு பொறுமையா படியுங்க.

அவர் பெயர் யூஜெனி பிராசியே. பிரான்சு நாட்டுக்காரர். 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி லா டிராங்கிளியேர் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். பிரெஸ் என்று சொல்லும் பகுதி அது. கோழிக்குப் பேர் போன இடம். அந்த ஊர்க் கோழிக்கு இறகு வெள்ளை, கொண்டை சிவப்பு, கால் நீலம். பிரான்சு தேசியக் கொடியில் இருக்கிற மூணு நிறமும் ஒரே கோழியில்! இந்தக் கோழியை ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வரும்.

அப்பா அம்மா விவசாய வேலை செய்தவர்கள். யூஜெனி ஐந்து வயதிலேயே பன்றி மேய்க்கப் போனார். அந்த வயதிலேயே இனிப்பு அப்பம் மாதிரி ஒரு பலகாரத்துக்கு மாவு பிசைந்து தட்டத் தெரியுமாம், ஆனால் அடுப்பு பற்ற வைக்க மட்டும் விட மாட்டார்களாம். பத்து வயதில் அம்மா இறந்து போனார். உடனே அவரை வேறொரு பண்ணையில் வேலைக்குச் சேர்த்து விட்டார்கள். பள்ளிக்கூடம் பனிக்காலத்தில் மட்டும்தான். பனியில் வயல் வேலை கிடையாது, அதனால் அந்தச் சில மாதம் படிக்கலாம். வெயில் வந்தால் மாட்டுக்கும் பன்றிக்கும் பின்னால் போகணும்.

இதைப் படிச்சப்போ போன வருஷம் எங்க கூட எட்டாம் வகுப்பில் இருந்த ஒருத்தி ஞாபகம் வந்தது. பருத்தி எடுக்கிற மாதத்தில் எல்லாம் அவ வர மாட்டா. இந்த வருஷம் வரவே இல்லை.

யூஜெனிக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, 1914இல், அவருக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா அவரை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்.

இந்த இடத்தில் நான் பேனாவை மூடி வச்சுட்டேன். இதை நம்ம சுவர்ப் பத்திரிகையில் எழுதலாமா கூடாதான்னு தெரியலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களும் படிப்பாங்க. தமிழம்மாகிட்ட போய்க் கேட்டேன். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, இதை விட்டுட்டா அந்தப் பொண்ணு எதுக்குத் தனியா லியோனுக்குப் போனான்னு படிக்கிறவங்களுக்குப் புரியாதேன்னு சொல்லி, எழுதச் சொல்லிட்டாங்க. அதனால் எழுதிவிட்டேன். குழந்தையின் பெயர் காஸ்தோன்.

லியோன் என்பது பிரான்சின் பெரிய நகரங்களில் ஒன்று. ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் கூடும் இடம். குழந்தையை வளர்க்க ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டு, யூஜெனி லியோனில் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டுக்காரர்கள் சேமியா மாதிரியான பாஸ்தா செய்யும் ஆலை வைத்திருந்தார்கள். முதலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பிறகு சமையலும் அவர் கைக்கு வந்தது. கண்ணால் பார்த்து, நாலு பேரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் பாரிஸின் பெரிய ஓட்டல்களில் எல்லாம் ஆண்கள்தான் சமையல். ஆனால் லியோனில் ஒரு விசேஷம் உண்டு. பணக்கார வீடுகளில் சமைத்துக் கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்து சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பல குடும்பங்களுக்கு வீட்டில் சமையல்காரி வைக்க வசதி இல்லாமல் போனதால் இப்படிக் கடைகள் இன்னும் அதிகமாயின. அந்தப் பெண்களை எல்லாம் ஊரார் மேர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சு மொழியில் மேர் என்றால் அம்மா. நம்ம ஊரில் ஆத்தா கடை, அக்கா கடைன்னு சொல்றோமில்ல, அதே மாதிரி.

அந்த அம்மாக்களில் பெரிய பேர் வாங்கியவர் பிரான்சுவாஸ் ஃபிலியூ. யூஜெனி அவருடைய சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஃபிலியூ அம்மா கடையில் சாப்பாட்டுப் பட்டியல் மாறவே மாறாது. எல்லாரும் கேட்டு வருவது ஒரு கோழி. அந்தக் கோழியை ஃபிலியூ அம்மாவே மேசைக்கு எடுத்து வந்து, சின்னக் கத்தியால் வாடிக்கையாளர் கண் எதிரில் துண்டு போடுவார். ரொம்பக் கறாரான முதலாளி அம்மா. யூஜெனி அங்கேதான் அந்தக் கோழியைச் செய்யக் கற்றார். பிறகு வேறொரு பெரிய சாப்பாட்டுக் கடையில் சில காலம் வேலை பார்த்தார்.

அந்தக் கோழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். அதற்குப் பாதித் துக்கக் கோழி என்று பெயர்! பெயரைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்தது. காரணம் இதுதான். பிரான்சில் வீட்டில் யாராவது இறந்தால் கொஞ்ச காலம் முழுக் கறுப்பு உடுத்துவார்கள். பிறகு துக்கம் குறையக் குறையக் கறுப்போடு வெள்ளை, சாம்பல் நிறம் எல்லாம் சேர்ப்பார்கள். அதுதான் பாதித் துக்கம். இந்தக் கோழியும் கறுப்பு வெள்ளையாக இருக்கும். ட்ரஃபிள் என்று ஒரு கறுப்புக் காளான் உண்டு. அது மண்ணுக்கு அடியில், ஓக் மரத்து வேரை ஒட்டி வளரும். மேலே எதுவும் தெரியாது. வாசனை பிடித்து நாயும் பன்றியும்தான் கண்டுபிடிக்கும். விலை பயங்கரம். அந்தக் காளானை மெல்லிசான வில்லையாக நறுக்கி, பிரெஸ் கோழியின் தோலுக்கும் சதைக்கும் நடுவில் செருக வேண்டும். தோல் கிழியக் கூடாது. பிறகு கேரட்டும் வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரைத்தண்டும் போட்ட தண்ணீரில் தளதளவெனக் கொதிக்க விடாமல் மெதுவாக வேக வைக்க வேண்டும். வெந்த பிறகு பார்த்தால் வெள்ளைத் தோலுக்கு அடியில் கறுப்பு வட்டங்கள் தெரியும். மிளகாய் கிடையாது, மசாலா கிடையாது, வறுப்பது கிடையாது. நம்ம வாய்க்கு அது சப்புன்னுதான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சமைக்கும்போது கோழி நல்ல கோழியாக இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும், மசாலா போட்டு மறைக்க முடியாது. எங்க பாட்டி மீனைப் பத்தி இதையேதான் சொல்வாங்க.

1921ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 25 வயதில், லியோன் நகரத்து ராயல் தெருவில் 12ஆம் எண் கட்டடத்தில் யூஜெனி சொந்தக் கடை திறந்தார். கையில் இருந்தது 12,000 பிராங்க். முன்னே அது மளிகைக் கடையாக இருந்த இடம். பதினைந்து பேர் உட்காரலாம், அவ்வளவுதான். முதல் நாள் ஆற்றுச் சிங்கி இறாலும், புறாக்கறியும், பச்சைப் பட்டாணியும் சமைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் வந்தது. ஃபிலியூ அம்மாவின் கோழியும் இங்கே வந்தது. ஊரார் அவரைப் பிராசியே அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எதுவார் ஏரியோ என்று லியோன் நகரத்து மேயர், பிரான்சு நாட்டுக்கே மூன்று முறை பிரதமராக இருந்தவர், அவர் இந்தக் கடையின் வாடிக்கையாளர். ஊருக்குப் பேர் வாங்கித் தருவதில் இந்த அம்மா தன்னைவிட ஒரு படி மேல் என்று சொல்லிக் கொள்வாராம்.

பிராசியே அம்மா ரொம்பக் கண்டிப்பு. சத்தம் போட்டால் தெரு வரைக்கும் கேட்கும். காய், மீன், கோழி எல்லாம் அவரே பார்த்துத்தான் வாங்குவார். கொஞ்சம் குறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கோழிக்கு நகம் வெட்டிப் பாலிஷ் போட்டு அனுப்பினால்தான் இந்த அம்மா வாங்கும் என்று கோழி கொடுப்பவர் கேலி செய்வாராம். எதையும் வீணாக்க விட மாட்டார்.

ஏழு வருடம் இரவு பகலாக உழைத்ததில் உடம்பு முடியாமல் போய்விட்டது. 1928இல் லியோனுக்கு மேற்கே கோல் த லா லுயேர் என்ற மலைக் கணவாயில் ஒரு மர வீட்டுக்குப் போனார். அங்கே கரண்டு இல்லை, கேஸ் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. ஓய்வெடுக்கத்தான் போனார். ஆனால் சாப்பிடுகிறவர்கள் மலை ஏறி அங்கேயும் வந்துவிட்டார்கள். கடைசியில் அதுவும் ஒரு கடை ஆயிற்று. இப்போது கீழே ஒன்று, மேலே ஒன்று. மலை மேல் பன்றி வளர்த்தார், தோட்டம் போட்டார். சின்ன வயசில் செய்த அதே வேலை, ஆனால் இப்போ சொந்தப் பன்றி.

இப்ப நட்சத்திரக் கதைக்கு வருவோம். மிஷலின் என்பது டயர் கம்பெனி. (அதே கம்பெனியின் டயர் தொழிற்சாலை ஒன்று நம்ம திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் கட்டியிருக்காங்க. கேட்டதும் எனக்குச் சந்தோஷமா இருந்தது, ஏன்னு தெரியலை.) ஆட்கள் காரில் நிறைய சுற்றினால்தானே டயர் தேயும், புது டயர் விற்கும்? அதற்காக 1900ஆம் ஆண்டு, எங்கே தங்கலாம், எங்கே வண்டி ரிப்பேர் செய்யலாம் என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். 1926இல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். பிறகு அது ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆனது. ஒரு நட்சத்திரம் என்றால் நல்ல கடை. இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அங்கே சாப்பிடுவதற்காகவே பயணம் கிளம்பலாம். இதைப் பார்த்துச் சொல்கிறவர்கள் யாரென்று சொல்லாமல், சாதாரண ஆள் மாதிரி வந்து காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நம்ம பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரப்போறாங்கன்னா ஒரு வாரம் முன்னாடியே தெரிஞ்சு பெருக்கித் துடைச்சு வைப்போமில்ல, அந்த மாதிரி செய்ய வழியே இல்லை.

1933ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ராயல் தெருக் கடைக்கு மூன்று நட்சத்திரம். மலைக் கடைக்கும் மூன்று நட்சத்திரம். ஒரே ஆளுக்கு ஆறு! உலகத்தில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை, ஆண்களும் இல்லை. அப்போது அவருக்கு வயது 37. அதே ஆண்டு மரி பூர்ஷுவா என்ற இன்னொரு பெண்ணும் மூன்று நட்சத்திரம் வாங்கினார். அவருடைய கடையும் யூஜெனி பிறந்த அதே மாவட்டத்தில்தான்.

இன்னொன்றும் சொல்லணும். 1933இல் பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. 1944இல்தான் சட்டம் வந்தது, 1945இல்தான் முதல் தடவை ஓட்டுப் போட்டார்கள். கல்யாணமான பெண், கணவர் சம்மதம் இல்லாமல் சொந்தமாக பேங்க் கணக்கு தொடங்க 1965 வரை முடியாது. சமூக அறிவியல் பாடத்தில் சமத்துவம், சகோதரத்துவம்னு பிரெஞ்சுப் புரட்சி படிக்கிறோம். அது 1789. கணக்குப் போட்டுப் பாருங்க.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை பிரான்சைப் பிடித்தது. சாப்பாட்டுப் பொருள் எல்லாம் ரேஷன். ரேஷன் விதியை மீறினார் என்று பிராசியே அம்மாவுக்கு அபராதம் போட்டார்கள், சில நாள் சிறையிலும் வைத்தார்கள். கறாரான அம்மாவுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்.

போர் முடிந்து 1946இல் மலைக் கடைக்கு இருபது வயது இளைஞர் ஒருவர் வேலை கற்றுக்கொள்ள வந்தார். பெயர் போல் போக்யூஸ். போரில் குண்டடி பட்டவர். பிற்காலத்தில் உலகத்தில் பெரிய சமையல்காரர் யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். 1965இல் அவரும் மூன்று நட்சத்திரம் வாங்கினார், 2018இல் அவர் இறக்கும் வரைக்கும் அந்த மூன்றும் அவர் கடைக்கு இருந்தது. அவ்வளவு பெரிய ஆள், முதலில் பிராசியே அம்மாவிடம் மாடு கறந்து, தோட்டத்துக்குக் கொத்தி, துணி துவைத்து இஸ்திரி போட்டுத்தான் சமையல் கற்றார்.

ராயல் தெருக் கடை மகன் காஸ்தோன் பொறுப்புக்கு வந்தது. அம்மாவுக்கும் மகனுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. சின்ன வயசில் யார் வீட்டிலோ விட்டு வளர்ந்த பிள்ளை. அதனால்தானோ என்னவோ, எனக்குத் தெரியலை. காஸ்தோன் அம்மாவுக்கு முன்பே இறந்துவிட்டார். பிறகு பேத்தி ஜாக்கோத் அந்தக் கடையை நடத்தினார். பிரான்சு அரசின் பெரிய விருது ஒன்றைப் பிராசியே அம்மாவுக்குக் கொடுக்க வந்தபோது, ஒழுங்காகச் சமைத்ததற்கெல்லாம் விருதா, இதைவிடப் பெரிய காரியம் செய்தவர்களுக்குக் கொடுங்கள் என்று வேண்டாம் என்றுவிட்டார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாங்கியிருக்கணும். 1977ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, 81 வயதில் இறந்தார். அவருடைய சமையல் புத்தகம் அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது.

1998இல் அலேன் துகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு கடைக்கும் சேர்த்து ஆறு நட்சத்திரம் வாங்கினார். இதுவரை யாரும் செய்யாத சாதனை என்று சில இடங்களில் எழுதிவிட்டார்கள். 65 வருடத்துக்கு முன்னாலேயே ஒரு பெண் வாங்கியது அவர்களுக்கு ஞாபகமே இல்லை! பிறகுதான் பிராசியே அம்மா பெயரை மறுபடி எடுத்தார்கள். லியோனில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். பேத்தி ஜாக்கோத், சமையல் தொழில் படிக்கும் பெண்களுக்கு உதவ பாட்டி பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார். ராயல் தெருக் கடையை 2008இல் மத்தியூ வியான்னே என்பவர் வாங்கி, பெயரை மாற்றாமல் திறந்தார்.

எங்க அம்மா முகூர்த்த நாட்களில் கல்யாண சமையல் கோஷ்டியோடு போவாங்க. காய் நறுக்கணும், தேங்காய் துருவணும், பாத்திரம் கழுவணும். சாம்பாருக்கு எவ்வளவு புளின்னு அம்மாவுக்கும் தெரியும், ஆனால் கரண்டி பிடிக்கிறது மாஸ்டர்தான். மாஸ்டருக்குக் கொடுக்கிறதில் நாலில் ஒரு பங்குகூட அம்மாவுக்கு இல்லை. ஏன்னு ஒரு தடவை கேட்டேன். அதெல்லாம் அப்படித்தான்னு சொல்லிட்டாங்க.

இந்தக் கட்டுரையை நேத்து ராத்திரி அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அம்மா சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. கோழி, காளான், நட்சத்திரம் எதைப் பத்தியும் ஒண்ணும் சொல்லலை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, அந்த அம்மா கடையில் எடுபிடி வேலை எல்லாம் யார் செஞ்சாங்கன்னு. போக்யூஸ் மாடு கறந்து, துணி துவைச்சு, இஸ்திரி போட்ட இடத்தை மறுபடியும் படிச்சேன். இன்னொரு தடவை படின்னு சொன்னாங்க. படிச்சேன். வெங்காயத்தைக் கீழே வச்சுட்டு அப்படிச் சிரிச்சாங்க.

— ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி